கல்லில் எண் இருக்கிறது, பெயர் எங்கே?

பெரம்பலூர் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றி வரும் வண்டிகள் போய்ச் சேரும் திருச்சி காந்தி மார்க்கெட்டில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. இங்கிருந்து 302 பேர் பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதன் கல்வெட்டு ஆங்கிலத்தில் சொல்கிறது. 41 பேர் யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கு அந்தக் கல்லில் பதில் கிடையாது.

பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் இதே வாசகம் பொறித்த கற்களைப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் எண் மட்டும்தான் மாறும். அவற்றில் உள்ள ‘1914–1919’ என்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்துச் சிலர் குழம்புவதுண்டு. சண்டை நின்றது 1918 நவம்பரில்; வெர்சாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூனில். அதனால்தான் கல்லில் 1919.

அந்தக் காலத்தில் பெரம்பலூர் மாவட்டமும் இல்லை, அரியலூர் மாவட்டமும் இல்லை. பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சினாப்பள்ளி மாவட்டத்தின் தாலுகாக்கள். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பர் 23 முதல் நிலையான தனி மாவட்டமானது. போரில் மாண்ட உறவினரைத் தேடுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். நூறு ஆண்டுக்கு முந்தைய எந்த ஆவணத்திலும் ‘அரியலூர் மாவட்டம்’ அகப்படாது. ‘ட்ரிச்சினோபோலி’ என்றுதான் தேட வேண்டும்.

பல குடும்பங்களில் இந்த விஷயம் ஒரே வரியாகத்தான் மிஞ்சியிருக்கும். பாட்டனுக்கு அண்ணன் ஒருத்தர் பட்டாளத்துக்குப் போனார், கப்பல் ஏறினவர் திரும்பவில்லை. அவ்வளவுதான். சொன்ன தலைமுறை போய்விட்டால் அந்த ஒரு வரியும் போய்விடும். அது போவதற்குள் ஆளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

எந்த மண்ணில் தேடுவது?

முதல் உலகப் போர் என்றதும் பிரான்சின் சேறும் முள்கம்பியும் பதுங்கு குழியும்தான் நினைவுக்கு வரும். இந்தியப் படை அங்கேயும் இருந்தது. 1914 அக்டோபர் முதல் 1915 கடைசி வரை இரண்டு இந்திய டிவிஷன்கள் பிரான்சின் பதுங்கு குழிகளில் கிடந்தன. 1915 மார்ச் 10-ல் தொடங்கிய நூவ் ஷப்பெல் சண்டையில் இந்தியர்கள் பெருமளவில் மாண்டார்கள். அந்த ஊரில் உள்ள இந்திய நினைவிடத்தில் 4,700-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே முன்வரிசையில் நின்ற காலாட்படைகளில் பெரும்பாலானவை பஞ்சாபியர், கர்வாலிகள், கூர்க்காக்கள் சேர்ந்த படைகள். தமிழ்நாட்டுச் சிப்பாயை அங்கே மட்டும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சென்னை மாகாணத்திலிருந்து போரின்போது படைக்குச் சேர்க்கப்பட்டவர்கள் மொத்தம் 92,340 பேர் என்கிறது அரசுக் கணக்கு. ஆயுதம் ஏந்தும் பணியில் 51,223 பேர். சமையல், தண்ணீர், சுமை, கூலி வேலைகளில் 41,117 பேர். பஞ்சாபின் நாலரை லட்சத்தோடு ஒப்பிட்டால் இது குறைவு. அதற்குக் காரணம் உண்டு. 1880-களில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டுப் போனார். சென்னைப் படைப்பிரிவுகள் வரிசையாகக் கலைக்கப்பட்டன. உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் அதே தெற்கில் ஆள் சேர்க்க வந்தார்கள்.

அப்படிப் போனவர்கள் இருந்த படைப்பிரிவுகளின் பெயர்கள் தேடலுக்கு முக்கியம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 61, 64, 81-ஆம் எண்களைக் கொண்ட பயனியர் படைகள். 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. 83-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. 73, 75, 79, 80, 86, 88 எனப் பல கர்நாடிக் காலாட்படைகள். ‘கர்நாடிக்’ என்பது இங்கே ஆற்காட்டு நவாபின் பழைய ஆட்சிப் பகுதியைக் குறிக்கும் பெயர். கர்நாடக மாநிலத்துப் படை என்று ஒதுக்கிவிடக் கூடாது. சாப்பர்களும் பயனியர்களும் சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், பதுங்கு குழி வெட்டினார்கள். வேண்டியபோது துப்பாக்கியும் பிடித்தார்கள்.

இவர்கள் மாண்ட இடங்களில் ஒன்று தாங்கா. இன்றைய தான்சானியாவின் கடற்கரை ஊர். அன்று அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து ஏறக்குறைய 8,000 பேர் கப்பலில் புறப்பட்டார்கள். 61-ஆம் பயனியர்களும் பாளையங்கோட்டைக்காரர்களும் அவர்களில் அடக்கம். வாரக்கணக்கில் கப்பலில் வாந்தி எடுத்துச் சோர்ந்த ஆட்களை நவம்பர் முதல் வாரத்தில் அப்படியே கரையில் இறக்கி, காட்டுக்குள் நடத்தினார்கள். எதிரே இருந்த ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கிடம் ஆயிரத்தைச் சுற்றித்தான் ஆட்கள். ஆனால் அவர்களுக்கு மண் தெரியும். இயந்திரத் துப்பாக்கியும் கையில் இருந்தது. சண்டைக்கு நடுவே காட்டுத் தேனீக்கள் கலைந்து கொட்டியதில் படைகள் சிதறின. நவம்பர் 5-ஆம் தேதி எஞ்சியவர்கள் கப்பலுக்குத் திரும்பினார்கள். செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக எண்ணூற்றுக்கு மேல்.

இன்னொரு இடம் மெசபடோமியா, இன்றைய இராக். தமிழ்ச் சிப்பாய்களைத் தேடுகிறவர்கள் அதிகமாக வந்து சேரும் இடம் இதுவாகத்தான் இருக்கும். டைக்ரிஸ் நதியின் இரு கரையிலும் மைல் கணக்கில் பதுங்கு குழிகள். கோடையில் தாங்க முடியாத வெயில், வெள்ளம் வந்தால் குழிக்குள் தண்ணீர். காலரா, சீதபேதி, நல்ல உணவில்லாமல் வரும் ஸ்கர்வி, பெரிபெரி என்று நோய்கள் குண்டுக்குச் சமமாக ஆளைத் தின்றன. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் எதிரியின் குண்டு மழைக்கு நடுவே டைக்ரிஸைக் கடந்த பணியில் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். அந்த வழியாகப் போன படைதான் மார்ச் 11-ல் பாக்தாத்தைப் பிடித்தது.

வீட்டுப் பெட்டியில் தொடங்கும் தேடல்

தேடலின் முதல் நாள் கணினி முன்னால் உட்கார வேண்டாம். வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் உட்காருங்கள். பெயர், அப்பா பெயர், அன்றைக்குக் குடியிருந்த ஊர், விதவைக்குப் பென்ஷன் வந்ததா, எந்தத் தபால் ஆபீசில் வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறக்கலாம்.

தேட வேண்டியது பதக்கங்களை. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையும் மறுபக்கம் குதிரை மேல் ஆளும் இருக்கிற வெள்ளிப் பதக்கம் ‘பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்’. சிறகு விரித்த பெண் உருவத்தோடு வானவில் நிற நாடாவில் தொங்குவது ‘வெற்றிப் பதக்கம்’. வெள்ளிக்குப் பதிலாக வெண்கலத்தில் போர்ப் பதக்கம் இருந்தால், போனவர் பெரும்பாலும் கூலிப் படையிலோ சுமைப் படையிலோ இருந்திருப்பார்.

பதக்கத்தின் முகத்தைவிட விளிம்புதான் நமக்கு வேண்டும். அதைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மூன்று மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்த ஓரத்தில் பொடி எழுத்து தெரியும். முதலில் ஓர் எண், அடுத்து சிப்பாய், சாப்பர், நாயக் போன்ற பதவி, அதன்பின் பெயர், கடைசியில் படைப்பிரிவின் சுருக்கம். இந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் தேடலில் பாதி முடிந்தது. தேய்ந்திருந்தால் பாலிஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, எழுத்தே அழிந்துவிடும். கைபேசியின் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. வெள்ளிக்காக உருக்கி விற்றுப் போன பதக்கங்கள் எத்தனையோ. பதக்கம் வைத்திருப்பவர்கள் அதன் மதிப்பை எடை போட்டுப் பார்க்க வேண்டாம்.

மாண்டவர் வீட்டுக்கு இன்னொரு பொருளும் வந்திருக்கலாம். உள்ளங்கையைவிடப் பெரிய, ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்ட வெண்கலத் தகடு. அதில் பிரிட்டானியா என்ற பெண் உருவமும் ஒரு சிங்கமும் இருக்கும். சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இவர் இறந்தார் என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஓரத்தைச் சுற்றி ஓடும். நடுவில் ஒரு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் மட்டும் புடைப்பாக இருக்கும், பதவி இருக்காது. தியாகத்தில் பெரியவர் சிறியவர் கிடையாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள்.

பெயரைப் பிடிப்பது

வீட்டில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் தேடல் நிற்க வேண்டியதில்லை. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படையினரின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. பெயர், படைப்பிரிவு, எண், இறந்த ஆண்டு என்று எதை வைத்தும் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும், ஊரும், தாலுகாவும், மாவட்டமும் கொடுத்திருக்கும்.

சிக்கல் எழுத்தில்தான். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்ட எழுத்தர் தனக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதினார். முத்துசாமி என்ற ஒரே பெயர் ஒற்றை ‘டி’யோடும், இரட்டை ‘டி’யோடும், ‘டிஎச்’ சேர்ந்தும் வரும். கடைசியில் சாமி என்றும் சுவாமி என்றும் முடியும். ஊர்ப் பெயரும் அப்படியே. வாலிகண்டபுரம், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் போன்ற நீண்ட பெயர்களுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் தோன்றுமோ அத்தனையையும் போட்டுப் பார்க்க வேண்டும். தலைப்பெழுத்து வழக்கம் படைப் பதிவில் அரிது. வெறும் ‘ராமசாமி’ என்றே நூறு பேர் இருப்பார்கள். அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பெயர், தகப்பன் பெயர், ஊர், படைப்பிரிவு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துவந்தால்தான் ‘இவர் எங்கள் ஆள்’ என்று சொல்லலாம்.

ஆள் கிடைத்த பிறகு எழும் கேள்வி, எப்படி இறந்தார் என்பது. இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. ஆனால் ஒவ்வொரு படைப்பிரிவும் களத்தில் நாள்தோறும் எழுதிய போர்க் குறிப்பேடுகள் லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதிகாரிகளின் பெயரைத்தான் அவை சொல்லும். சிப்பாய்கள் ‘மூவர் மரணம், ஏழுபேர் காயம்’ என்று எண்ணாகவே வருவார்கள். என்றாலும், இறந்த தேதி கையில் இருந்தால் அன்றைக்கு அந்தப் படை எந்தக் கரையில் குழி வெட்டிக்கொண்டிருந்தது, மழையா வெயிலா, காலரா பரவியிருந்ததா என்பதெல்லாம் தெரியவரும். இந்தியா அலுவலக ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்திலும், ஆட்சேர்ப்பு, பென்ஷன் தொடர்பான அரசாணைகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டியவை. மதராஸ் சாப்பர்ஸின் வழிவந்த பெங்களூரின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் இன்றும் இயங்குகிறது; சாப்பர்ஸின் வரலாறு அங்கே பாதுகாக்கப்படுகிறது. அதே நகரின் பிரிகேட் ரோட்டில் மதராஸ் பயனியர்களுக்கான நினைவுத் தூண் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே அதைக் கடந்து போகும் தமிழர்களில் பலருக்கு அது தங்கள் ஊர்க்காரர்களுக்கானது என்று தெரியாது.

ஓர் எச்சரிக்கை. குடும்பக் கதையில் இரண்டு போர்கள் ஒன்றோடொன்று கலந்துபோவது சகஜம். இறந்தவர் தாத்தா தலைமுறை என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர். கொள்ளுத்தாத்தா தலைமுறை என்றால் முதலாவது. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று பேச்சு வந்தால் 1941 முதலான ஆண்டுகளில் தேடுங்கள். பர்மாவின் தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

நாய்க்கும் பெயர் பொறித்த மண்

1917-ல் போர்க் கல்லறை ஆணையம் தொடங்கப்பட்டபோது அதன் அடிப்படைக் கொள்கை எளிமையானது. இறந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நினைவு. பதவி, இனம், மதம் பார்த்து வேறுபாடு இல்லை. பிரான்சில் அது நடந்தது. பஸ்ராவில் நடக்கவில்லை.

மெசபடோமியாவில் கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக 1929-ல் பஸ்ரா நினைவிடம் திறக்கப்பட்டது. அங்கே பிரிட்டிஷ் படையினரின் பெயர்கள் கல்லில் ஏறின. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் ஏறின. 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. அவர்களுடைய பெயர்கள் பதிவேட்டுக்குள் இருந்தன, கல்லுக்கு வரவில்லை. 1997-ல் சதாம் உசேன் ஆட்சியில் அந்த நினைவிடத்தையே பெயர்த்து, நஸிரியா போகும் சாலையில் பாலைவனத்துக்குள் மாற்றி வைத்தார்கள்.

இந்தப் பாகுபாட்டை ஆணையமே ஒப்புக்கொண்டது 2021 ஏப்ரலில். ஆப்பிரிக்கா, ஆசியாவைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்றும் அதன் சிறப்புக் குழு அறிக்கை கூறியது. ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் மன்னிப்புக் கேட்டார்.

அந்தச் செய்தியைப் படிக்கும் தமிழனுக்கு எடத்தனூர் நினைவுக்கு வர வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடு கவர்ந்தவர்களோடு மோதி விழுந்த கருந்தேவகத்தி என்ற வீரனின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்ற நாயின் உருவமும் இருக்கிறது. ‘கோவிவன்’ என்று அந்த நாயின் பெயரும் இருக்கிறது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, உலகின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்துக்காக மாண்ட தமிழ்ச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறையின் சுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. அன்றைய மதராஸ் சாப்பர்ஸில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள். நிலப் பத்திரமோ குடும்ப ஏடோ புகைப்படமோ இல்லாத வீடுகள் அவை. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் படைப் பதிவேடுதான் ஒரே சாட்சியாக இருக்கக்கூடும். அதனாலேயே அந்தப் பதிவேட்டில் தேடுவது இன்னும் அவசியமாகிறது.

பஞ்சாப் காட்டிய வழி

தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பஞ்சாப் உதாரணம். போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு ஊர் ஊராகத் தொகுத்த பதிவேடுகள், 26,000 பக்கங்களில் ஏறக்குறைய 3,20,000 பேரின் விவரங்களோடு, லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் யாரும் புரட்டாமல் கிடந்தன. பிரிட்டனில் உள்ள பஞ்சாப் பாரம்பரியச் சங்கமும் கிரீன்விச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றி, 2021-ல் முதல் தொகுதியை வெளியிட்டன. ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊரிலிருந்து போனவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை அதில் முதன்முறையாகப் பார்த்தார்கள்.

உத்தரகண்டின் சம்பாவில் வேறொரு வழி. நூவ் ஷப்பெல்லில் மாண்டு விக்டோரியா கிராஸ் பெற்ற கப்பர் சிங் நேகிக்கு அந்த ஊரில் ஆண்டுதோறும் ஏப்ரலில் திருவிழாவே எடுக்கிறார்கள். அவர் பெயர் தெரியாத குழந்தை அங்கே கிடையாது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இப்படியொரு பட்டியல் உருவாக வேண்டும். பெரிய நிறுவனம் வந்து செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆணையத்தின் இணையப் பட்டியலில் ‘ட்ரிச்சினோபோலி’ என்று குறித்த பெயர்களைத் திரட்டி, தாலுகா வாரியாகப் பிரித்து, ஊர்ப் பெயர்களைச் சரியான தமிழில் எழுதினாலே நல்ல தொடக்கம். ஒரு கல்லூரி வரலாற்றுத் துறையின் மாணவர்கள் ஒரு கல்வியாண்டில் முடிக்கக்கூடிய வேலை. ஊர்க்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, தாலுகா அலுவலகம் ஆகிய இடங்களில் போர் நினைவுக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையடித்து மூடியிருந்தால் எழுத்தைச் சேதப்படுத்தாமல் ஈரத்துணியால் துடைத்துப் படம் எடுங்கள். வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பில் உள்ள வரியை எழுதி வையுங்கள். ஆணையத்தின் பதிவில் பெயரோ ஊரோ தவறாக இருந்தால் சான்றோடு எழுதித் திருத்தம் கேட்கலாம்.

பெயர்கள் உறுதியானதும் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற சபை கூடும் நாட்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எண் மட்டும் உள்ள பழைய கல்லுக்குப் பக்கத்தில், பெயரும் தகப்பன் பெயரும் மாண்ட இடமும் தேதியும் தமிழில் பொறித்த ஒரு கல் வைக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். கல் இல்லாத ஊரிலும் வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு குறைவு. நூறு ஆண்டுக் கடன் தீரும்.